நியூரான் வளர்ச்சிப் புரதத்தை எங்கே, எப்போது வெளியே விடுகிறது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் உயிர்வேதியியலோ விலங்கியலோ முதுகலை படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு பி.டி.என்.எஃப். (நியூரான் என்கிற நரம்புச் செல்லை வளர்க்கும் மூளைப் புரதம்) அளக்க எலைசா கிட் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து அளப்பது) வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ரத்தம் எடுத்து, உறையவிட்டு சீரம் என்கிற திரவத்தைப் பிரித்து, கிண்ணத்தட்டில் ஊற்றினால் எண் வந்துவிடும். அந்த எண்ணுக்கு மேலே ‘மூளை வளர்ச்சிக் காரணியின் அளவு’ என்று தலைப்புப் போடுவதில்தான் சிக்கல். வளரும் மூளையில் இந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த நியூரான் எந்த இடத்தில் எந்த நேரத்தில் அதை வெளியே விடுகிறது என்பதே இணைப்புகளைத் தீர்மானிக்கிறது. வெளியே விடுகிற அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ரத்தத்துக்குக் கடைசியில் வருவோம்.

பாடப்புத்தகக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1950களில் செயின்ட் லூயிஸில் விக்டர் ஹாம்பர்கரின் ஆய்வகத்தில் ரீட்டா லெவி-மொன்டால்சினி கோழிக் கருவையும் எலியின் கட்டியையும் வைத்து என்.ஜி.எஃப். என்கிற நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்தார். அதைப் பிரித்தெடுக்க வந்த ஸ்டான்லி கோஹன், நியூக்ளிக் அமிலத்தைச் சிதைப்பதற்காகப் பாம்பு விஷத்தைச் சேர்த்தார். பார்த்தால் கட்டியில் இருந்ததைவிட விஷத்திலேயே அந்தக் காரணி அதிகம். அங்கிருந்து எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போனார்கள். 1986-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது, ஹாம்பர்கருக்குக் கிடைக்கவில்லை. அந்த வேலையிலிருந்து வந்த விதி இது: நரம்பு போய்ச் சேருகிற உறுப்பு கொஞ்சமாகக் காரணியைச் சுரக்கும், எட்டிப் பிடித்த நியூரான் பிழைக்கும், பிடிக்காதது சாகும்.

மூளைக்கு வெளியே உள்ள உணர்வு நரம்புகளுக்கும் பரிவு நரம்புகளுக்கும் இந்த விதி நன்றாகப் பொருந்தும். மூளைக்குள்ளே அப்படியே பொருந்தாது. பி.டி.என்.எஃப்.-ஐ 1982-ல் பார்டே, எட்கர், தோனென் மூவரும் பன்றி மூளையிலிருந்து பிரித்தார்கள். ஒன்றரைக் கிலோ மூளைக்கு ஒரு மைக்ரோகிராம்தான் தேறியது. 1989-ல் அதன் மரபணு கையில் கிடைத்து, பிறகு அதை நீக்கிய எலிகளும் வந்தன. உடல் முழுக்க நீக்கினால் உணர்வு நியூரான்கள் பெருமளவு செத்து, பிறந்த சில நாட்களிலோ சில வாரங்களிலோ குட்டியும் போய்விடும். மூளையில் மட்டும் நீக்கினால் பெரும்பாலான நியூரான்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சமிக்ஞை வாங்குகிற டென்டிரைட் கிளைகள்தான் குட்டையாகின்றன. அதிலும் அதிக அடி வாங்குவது மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையேட்டம். அந்தப் பகுதி சொந்தமாக பி.டி.என்.எஃப். செய்வதே அபூர்வம். பெருமூளைப் புறணியிலிருந்து ஆக்சான் என்கிற நீள இழை வழியாக வந்து இறங்குவதை நம்பித்தான் அது வளர்கிறது. பழைய விதியில் காரணி இலக்கிலிருந்து நியூரானை நோக்கிப் பின்னால் வரும். இங்கே நியூரானே முன்னால் அனுப்புகிறது. ஆகவே அனுப்புகிறவர் எப்படி அனுப்புகிறார் என்று பார்த்தாக வேண்டும்.

மனித பி.டி.என்.எஃப். முதலில் 247 அமினோ அமிலம் கொண்ட நீளச் சங்கிலியாக உருவாகிறது. முதல் 18 அமினோ அமிலம், புரதம் தயாராகும் எண்டோபிளாச வலைக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு, நுழைந்ததும் வெட்டப்படும். மீதி சுமார் 32 கிலோடால்டன் எடையுள்ள முன்வடிவம். அது இரண்டிரண்டாகச் சேர்ந்து, புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்கிக்குப் போகிறது. அங்கே இரண்டு வழி பிரிகிறது. ஒன்று, வந்தது வந்தபடி செல் சவ்வுக்குப் போய் இடைவிடாமல் கசிகிற வழி. இன்னொன்று, அடர்ந்த நுண்பைகளில் கட்டி வைத்து, சமிக்ஞை வந்தால் மட்டும் விடுகிற வழி. நியூரான்களில் என்.ஜி.எஃப். பெரும்பாலும் முதல் வழியில் போகிறது, பி.டி.என்.எஃப். இரண்டாவது வழியில். முன்பகுதியை சார்ட்டிலின் என்கிற புரதமும், முதிர்ந்த பகுதியை கார்பாக்சிபெப்டிடேஸ்-இ என்கிற புரதமும் பிடித்து அந்த நுண்பைக்குள் தள்ளிவிடுகின்றன. ஃபியூரின் போன்ற நொதிகள் முன்பகுதியை வெட்டினால் 119 அமினோ அமிலம், சுமார் 14 கிலோடால்டன் எடையுள்ள முதிர்ந்த வடிவம் மிஞ்சும்.

முன்பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 66-ஆம் இடத்து வேலின்–மெத்தியோனின் மாற்றம் நல்ல சான்று. மனிதர்களிடம் பரவலாக இருக்கிற மாற்றம்தான். வெளியே போகிற முதிர்ந்த புரதத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது, வெட்டி எறிகிற பகுதியில்தான் மாற்றம். ஆனாலும் சார்ட்டிலின் பிடி தளர்வதால் நுண்பைக்குள் போய்ச் சேருவது குறைகிறது. இரு பிரதியும் மெத்தியோனினாக உள்ள எலி நியூரான்களில் இடைவிடாக் கசிவு அப்படியே இருந்தது, தூண்டும்போது வெளிவருவது மட்டும் சுமார் 30% குறைந்தது. மொத்த அளவை மட்டும் அளந்திருந்தால் இந்தக் குறை கண்ணில் பட்டிருக்காது.

நுண்பைக்குள் அமிலம், பி.எச். 5.5-லிருந்து 6 வரை. அந்த அமிலத்தில்தான் புரதம் ஒட்டிக் கட்டியாகி நிற்கிறது; மின்னணு நுண்ணோக்கியில் கருப்பு மையமாகத் தெரிவது அதுதான். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிரட்டையில் வடிந்த பாலில் ஆசிட் விட்டால் உறைந்து ஷீட் அடிக்கத் தயாராகும், அம்மோனியா விட்டால் உறையாமல் பாலாகவே நிற்கும். நுண்பையிலும் அதே வேதியியல் சாயல்தான். ஒரு வித்தியாசம், உறைந்த ரப்பர் திரும்பப் பாலாகாது. இங்கே நுண்பை வெளியே திறந்து 7.4 பி.எச். உள்ள திரவம் உள்ளே வந்ததும் கட்டி கரையத் தொடங்கும். கரைய நேரம் பிடிக்கும். திறந்த வாயும் குறுகலாகவே நிற்கலாம், கரைந்து முடிவதற்குள் மூடிக்கொள்வதும் உண்டு. சாதாரண நரம்புக் கடத்தி நுண்பை சுமார் 40 நானோமீட்டர் விட்டம் கொண்டது, கால்சியம் வந்து ஒரு மில்லிவிநாடிக்குள் கொட்டிவிடும். அடர்ந்த நுண்பை 70 நானோமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். தூண்டல் தொடங்கிச் சில விநாடி கழித்துத்தான் திறக்க ஆரம்பிக்கும், தூண்டல் நின்ற பிறகும் நிமிடக் கணக்கில் கசியும்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் இடம். கடத்தி நுண்பைகள் கால்சியம் வாய்க்காலை ஒட்டி அணிவகுத்து நிற்கும். அடர்ந்த நுண்பைகளுக்கு நிலையான நிறுத்தம் இல்லை. கைனசின் என்கிற மோட்டார் புரதத்தில் ஏறி ஆக்சானிலும் டென்டிரைட்டிலும் அலைந்துகொண்டே இருக்கும். ஒற்றைத் துடிப்பில் வாய்க்கால் ஓரத்தில் எழும் கால்சியம் அவை இருக்கும் இடத்தை எட்டுவதில்லை. அடுத்தடுத்துத் துடிப்பு வந்து, செல்லுக்குள் இருக்கும் கால்சியம் சேமிப்பும் திறந்து, கால்சியம் பரவினால்தான் நடக்கும். அதனால் விநாடிக்கு ஒன்று என்று சீராகத் துடிப்பதைவிட, அதே எண்ணிக்கையைக் கொத்துக் கொத்தாகத் துடித்தால் அதிகம் வெளிவருகிறது. பலமாகத் தூண்டினாலும் கஞ்சத்தனம் போகாது. நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் ஒரு நியூரானில் ஆயிரக்கணக்கில் அடர்ந்த நுண்பைகள் இருக்கும். 50 ஹெர்ட்ஸில் 50 துடிப்பாக 16 கொத்து கொடுத்தாலும் திறப்பது சில விழுக்காடுதான்.

வளரும் மூளைக்கு இந்தக் கஞ்சத்தனம் தேவை. பிறந்த முதல் வாரத்தில் எலியின் ஹிப்போகாம்பஸில் காபா என்கிற கடத்தி அடக்குவதில்லை, செல்லுக்குள் குளோரைடு அதிகம் இருப்பதால் அது தூண்டுகிறது. பெரும் அலையாக நியூரான்கள் கூட்டமாகச் சேர்ந்து துடிக்கும். அந்தக் கூட்டத் துடிப்புதான் டென்டிரைட்டிலிருந்து பி.டி.என்.எஃப்.-ஐ வெளியே கொண்டுவருகிறது. வந்த புரதம் அருகிலுள்ள காபா இணைப்புகளை உறுதியாக்குகிறது. குளோரைடை வெளியே தள்ளும் கே.சி.சி.2 பம்பின் உற்பத்தியையும் கூட்டுகிறது. பம்பு கூடினால் காபா அடக்கும் கடத்தியாக மாறும், கூட்டத் துடிப்பு ஓயும். தன்னை வெளியே கொண்டுவந்த துடிப்பையே அந்தப் புரதம் முடித்துவைக்கிறது என்று சொல்லலாம். எல்லா நேரமும் எல்லா இடத்திலும் புரதம் கொட்டிக்கொண்டிருந்தால் இந்த ஒழுங்கு வராது. 1999-ல் வெளியான எலி ஆய்வில் முன்மூளையில் பி.டி.என்.எஃப்.-ஐக் கூட்டிவிட்டபோது, பார்வைப் புறணியின் அடக்கு நியூரான்கள் சீக்கிரம் முதிர்ந்தன. அதனால் கண்ணின் அனுபவத்தால் மூளை திருத்தப்படும் பருவமும் முன்கூட்டியே மூடிக்கொண்டது. கூடினால் நல்லது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு சிறுமூளை. ஜப்பானில் ரிக்கென் நிறுவனத்தில் சடகாட்டா, ஃபுருயிச்சி குழு செய்த கேப்ஸ்-2 வேலை இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. கேப்ஸ்-2 என்பது அடர்ந்த நுண்பை சவ்வோடு சேர்வதற்கு உதவும் புரதம். சிறுமூளைத் துகள் நியூரான்களில் அது நிறைய உண்டு, அவை பி.டி.என்.எஃப்., அதே குடும்பத்து என்.டி.-3 இரண்டையும் வெளியே விடுகின்றன. எலியில் பிறந்து சுமார் மூன்று வாரத்துக்குள் இந்தத் துகள் நியூரான்கள் வெளிப்புறப் படலத்திலிருந்து உள்ளே இறங்கி முடிக்க வேண்டும். இறங்குவதற்கு வழிகாட்டுவதிலும் பி.டி.என்.எஃப்.-க்குப் பங்கு உண்டு. கேப்ஸ்-2 இல்லாத எலியில் புரதம் தயாராகத்தான் இருக்கிறது, வெளியே வருவது குறைவு. இறக்கம் தாமதமாகிறது, சாகும் செல்கள் கூடுகின்றன, சிறுமூளையின் பெரிய நியூரானான புர்கின்ஜே செல்லின் கிளை சிறுத்துப்போகிறது, ஆறாவது ஏழாவது மடிப்புகளுக்கு இடையே உள்ள பிளவு சரியாக உருவாவதில்லை. பழகும் முறையிலும் மாற்றம் தெரிந்தது.

இன்னும் நுட்பமானது கேப்ஸ்-2 மரபணுவின் மூன்றாம் எக்சான் என்கிற துண்டு விடுபட்ட வடிவம். அந்த வடிவம் வேலையை மறந்துவிடவில்லை, ஆக்சானுக்குள் போவதற்கான பிடிமானத்தை மட்டும் இழந்தது. செல் உடலில் தங்கிவிடுகிறது, ஆக்சானில் வெளிவருவது குறைகிறது. எலியில் பழகும் முறை மாறுவதற்கு அந்த ஒரு குறையே போதுமானதாக இருந்தது. மனிதர்களில் இதை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டார்கள். பிறகு 2009-ல் ஆட்டிசம் இல்லாதவர்களின் ரத்தத்திலும் அதே வடிவம் இருப்பதாக மறுப்பு வந்தது. ஆகவே எலி முடிவை எலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. யாராவது இதை வைத்துக் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை என்று விற்றால் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

வெளியே வந்த பிறகும் ஒரு திருப்பம் உண்டு. முதிர்ந்த வடிவம் டிரக்-பி ஏற்பியில் அமர்ந்து கிளையை வளர்க்கும். வெட்டப்படாத முன்வடிவம் பி75 ஏற்பியையும் சார்ட்டிலினையும் சேர்த்துப் பிடித்தால் நேர் எதிர்: செல் சாகலாம், இணைப்பு தளரலாம். வெளியே பிளாஸ்மின் என்கிற நொதி முன்வடிவத்தை வெட்டி முதிர்ந்ததாக்கும். இயற்கையில் நியூரான் எந்த வடிவத்தை எவ்வளவு விடுகிறது என்பதில் ஆய்வகங்களுக்குள் சண்டை ஓயவில்லை. சண்டைக்குப் பாதிக் காரணம் அளக்கும் முறை.

வளர்ப்பு நியூரானில் அளக்க நினைப்பவர்களுக்குச் சில கணக்குகள். 18 நாள் எலிக் கருவின் ஹிப்போகாம்பஸ், பாலி-டி-லைசின் பூசிய 24 கிண்ணத் தட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 80,000 செல் வாக்கில், இரண்டு வாரம் வளர்த்தபின் அளப்பது. (விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி முதலில், அது இல்லாமல் தொடவே கூடாது.) டெட்ரோடோடாக்சின் 1 மைக்ரோமோலார் போட்டுத் தானாகத் துடிப்பதை நிறுத்தி, அடிப்படைக் கசிவுக்கு 10 நிமிடத் திரவம் எடுத்து, பிறகு 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு கொடுத்து இன்னொரு 10 நிமிடம். இங்கே நிறையப் பேர் சறுக்குவது பொட்டாசியத்தைக் கூட்டிவிட்டு சோடியம் குளோரைடை அதே அளவு குறைக்காமல் விடுவதில். சவ்வூடு அழுத்தம் கிட்டத்தட்ட 100 மில்லிஆஸ்மோல் ஏறும், செல் சுருங்கும், உடையும், உள்ளே இருந்த புரதமெல்லாம் வெளியே வரும். ‘அபாரமான வெளியேற்றம்’ என்று ஆய்வேட்டில் எழுதுவார்கள். கால்சியம் இல்லாத திரவத்தில் அதே சோதனையைச் செய்தால் குட்டு உடையும்: உண்மையான வெளியேற்றம் என்றால் எண் விழ வேண்டும். எல்.டி.எச். (உடைந்த செல்லிலிருந்து கசியும் நொதி) அளந்து செல் சாவையும் பக்கத்தில் காட்ட வேண்டும்.

கிடைப்பது மில்லிலிட்டருக்குச் சில பத்து பிகோகிராம்தான். இந்தப் புரதத்தில் நேர்மின்சுமை அதிகம். கண்ணாடியிலும் சாதாரணப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். 0.1 விழுக்காடாவது பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின் புரதம்) கலக்காத பஃபரில் ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரியை) கரைத்து வைத்தால், மறுநாள் டியூபின் சுவர்தான் அதிக பி.டி.என்.எஃப். வைத்திருக்கும். ஸ்டாண்டர்ட் கோடு கீழ்ப்பகுதியில் வளைந்துபோகிறது என்று கிட்டைக் குறை சொல்வதற்கு முன் டியூபைப் பாருங்கள். வெளிவந்ததை டிரக்-பி ஏற்பிகள் உடனே பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வதும் உண்டு. அதற்காகவே ஆன்டிபாடி பூசிய கிண்ணத்திலேயே நியூரானை வளர்த்து, வந்த இடத்திலேயே பிடிக்கிற எலைசா முறையைக் கண்டுபிடித்தார்கள்.

பச்சை ஒளிப் புரதத்தின் அமில உணர்வு வகையை பி.டி.என்.எஃப்.-ஓடு ஒட்டி நுண்ணோக்கியில் பார்க்கிறவர்களும் உண்டு. உள்ளே அமிலத்தில் இருட்டு, வெளியே திறந்ததும் வெளிச்சம். கடைசியில் 50 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு விட்டால் எல்லா நுண்பையும் ஒரே நேரத்தில் எரியும். மொத்தத்தில் எத்தனை விழுக்காடு திறந்தது என்று அப்போது கணக்குப் போடலாம். (அம்மோனியா மறுபடி வந்துவிட்டது.) வீரியமான புரமோட்டர் (மரபணுவை இயக்கும் பகுதி) போட்டு அளவுக்கு மீறி உற்பத்தி செய்தால் மட்டும் கவனம்: நுண்பை வழி நிரம்பி, மிச்சம் கசிவு வழியில் ஓடும், பார்ப்பது இயற்கை நடத்தையாக இருக்காது.

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் பேண்டாக (கோடாக) காட்டும் வெஸ்டர்ன் பிளாட் பற்றி ஒரு வரி. 14 கிலோடால்டன் பேண்டுக்கு 15% ஜெல், 0.2 மைக்ரான் சவ்வு, 0.45 போட்டால் சிறிய புரதம் ஊடுருவிப் போய்விடும். சந்தையில் உள்ள ஆன்டிபாடிகளில் பல, பி.டி.என்.எஃப். நீக்கிய எலியின் மூளையிலும் அழகாகப் பேண்டு காட்டும். நீக்கிய எலியின் மாதிரியை எங்கிருந்தாவது கேட்டு வாங்கி ஓட்டாமல் எந்தப் பேண்டையும் நம்ப வேண்டாம்.

இனி ரத்தம். மனித சீரத்தில் மில்லிலிட்டருக்கு 20, 30 நானோகிராம் என்று வரும். ரத்தத்தை உறையவிடாமல் பிரிக்கிற பிளாஸ்மாவில் அதில் சிறு பகுதிதான். வித்தியாசம் முழுக்கத் தட்டணுக்களில் இருக்கிறது. ரத்தம் உறையும்போது அவை தங்கள் சேமிப்பைக் கொட்டுகின்றன. ஆகவே குழித்துறையில் எடுத்த ரத்தம் பஸ்ஸில் நாகர்கோவில் வந்து சேர இரண்டு மணி நேரம், உள்ளூர் ரத்தம் அரை மணி நேரம் என்றால், குழுக்களுக்கு இடையே வருகிற வித்தியாசம் பஸ்ஸின் வித்தியாசமாக இருக்கலாம். எல்லா மாதிரிக்கும் ஒரே உறையும் நேரம், ஒரே வெப்பநிலை: அறையில் 30 நிமிடமோ 60 நிமிடமோ, ஏதாவது ஒன்று. பிளாஸ்மா வேண்டுமானால் இ.டி.டி.ஏ. டியூப், ஐஸ், அரை மணிக்குள் சென்ட்ரிஃபியூஜ், பிறகு தட்டணு மிச்சம் போக 10,000 ஜி-யில் இன்னொரு சுற்று. சீரத்தை 100 மடங்கு நீர்த்தால் 25 நானோகிராம் 250 பிகோகிராமாகும், பெரும்பாலான கிட்டின் நடுப்பகுதிக்கு அது பொருத்தம். கிட் முன்வடிவத்தையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று கையேட்டில் பார்த்து அதையும் எழுதுங்கள்.

மாதிரிகளைச் சிறு சிறு பங்காகப் பிரித்து வையுங்கள். உருகி உறைந்த டியூபைத் திரும்ப அளக்கக் கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரீஸருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று அக்டோபருக்கு முன்பே கேட்டுவிடுவது உத்தமம்.

ஊசியாகப் போட்டால் என்ன என்ற கேள்வியும் வரும். போட்டுப் பார்த்தார்கள். மோட்டார் நியூரான் நோய்க்கு 1,100-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் தோலுக்கடியில் பி.டி.என்.எஃப். செலுத்திய பெரிய சோதனையின் முடிவு 1999-ல் வந்தது, பலன் இல்லை. ரத்தத்தில் நிமிடங்களில் காணாமல் போகிறது, ரத்த–மூளைத் தடையைத் தாண்டுவது சொற்பம், தாண்டினாலும் ஒட்டும் குணத்தால் திசுவுக்குள் பரவாது. வாயில் போட்டால் வயிறு அதை மற்றப் புரதம் போலச் செரித்துவிடும். ‘நினைவாற்றல் கேப்சூல்’ அட்டையில் இந்தப் பெயரைப் பார்த்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சுண்டெலியை (மவுஸ்) வைத்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒன்று. சுண்டெலியின் தட்டணுக்களில் பி.டி.என்.எஃப். கிட்டத்தட்ட இல்லை, மனிதனுக்கும் பெரிய எலிக்கும் (ராட்) உண்டு. சுண்டெலி சீரத்தில் கிட் உயர்ந்த எண் காட்டினால், கிட் வேறெதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். அந்தக் கிட்டில் மனித மாதிரியை ஊற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். இரண்டு கிண்ணம்தான் செலவு.